ஓட்டுபவர் சொன்னது

நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த வாகனப் பணிமனைக்குப் புதிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்களாம். "அண்ணை, நீங்கள் பழைய ஆள். உங்கடை அனுபவத்தை ஒரு மூண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று இப்போதைய போர்மன் போனில் கேட்டார். கூடவே ஒரு புதினச் செய்தியும் சொன்னார். புது மோட்டார் சைக்கிள்களில் கொழுவிவிட்டால் என்ன பிழை என்று தானே சொல்லும் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். "இனி ஆரையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை அண்ணை" என்று சிரித்தார்.

நாலு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருப்பேன். இன்றைக்கு அப்படி வருகிறதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. என் மகள் தர்சினி பதினொரு கிழமைக்குப் பிறகு முதன்முதலாகத் தன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறாள். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட்டாள். இந்தப் பந்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தரம் வாசல் படலைக்குப் போய்வந்துவிட்டேன். கை சும்மா இருந்தால் போனை எடுத்துவிடும். "வழியிலை போன் அடிக்காதேங்கோ, எடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆகவே எழுதுகிறேன்.

தொழில் பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெற்றோல் வராத காலம் அது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் ஒளித்து வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகையில் கண் எரியும். இணுவிலில் ஒரு ஓலைக்கொட்டில் கராச்சில் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். வந்த வண்டிகளுக்கெல்லாம் அநேகமாக ஒரே நோய்தான். பிளக்கில் கரி, காபரேற்றரில் கசடு, எண்ணெய்த் தாங்கியில் தண்ணீர். எஞ்சின் நடுங்குகிறது என்று யாராவது சொல்லத் தொடங்கினாலே என் கை காபரேற்றருக்குப் போய்விடும். நல்ல பெற்றோல் வந்து இத்தனை வருடமாகியும் அந்தக் கை மாறவில்லை. என் வயதில் இங்கே தொழில் பழகிய எல்லோருக்கும் அந்தக் கைதான்.

பிறகு பணிமனையில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகத் திரியும் உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள்கள்தான் அங்கே வரும். அப்போதைய போர்மன் மரியாம்பிள்ளை ஐயா, குருநகர்க்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கரையில் எஞ்சினோடு நின்றுவிட்டவர். வெள்ளைச் சேட்டின் கையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடித்திருப்பார். ஒரு நாளும் குரல் உயர்த்த மாட்டார். எங்களை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "நீங்கள்" என்பார். அவர் என்னை "நீங்கள்" என்ற நாட்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாகனம் உள்ளே வந்ததும் ஓர் அட்டை எழுத வேண்டும். இலக்கம், ஓடிய தூரம், கொண்டுவந்தவர் பெயர். அதற்குக் கீழே "ஓட்டுபவர் சொன்னது" என்ற தலைப்பும் நாலு வெறுங்கோடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கமத்தொழில் உத்தியோகத்தர் வந்தார். நெடிய மனிதர். அவர் சொன்னதைக் கேட்டு, முதல் கோட்டில் "மிஸ் பண்ணுகிறது", அதாவது எஞ்சின் விட்டு விட்டு அடிக்கிறது, என்று எழுதிக் கொடுத்தேன். ஐயா அட்டையை எடுத்து, எட்டத்தில் பிடித்து, சத்தமாக வாசித்தார்.

"உவர் அப்பிடிச் சொன்னவரோ?"

"இல்லை ஐயா. நடுங்குது எண்டவர்."

"எப்பிடி நடுங்குது எண்டவர்?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரே சொன்னார். "பிள்ளையள் உருட்டிற பனங்காய் வண்டில்லை ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு ஐயா. நல்ல றோட்டிலை ஒண்டுமில்லை. கிடங்கு முடங்கு வந்தால் தூக்கித் தூக்கிப் போடும். பிறகு தன்ரைபாட்டிலை சுகம் வந்திடும்."

ஐயா என் அட்டையை இரண்டாகக் கிழித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "வேறை ஒண்டு எழுதுங்கோ. பனங்காய் வண்டில் எண்டு எழுதுங்கோ. மிஸ் பண்ணுது எண்டது உங்கடை முடிவு. முடிவை முதல் கோட்டிலை எழுதினால் மிச்ச மூண்டு கோடும் அதுக்குப் பொய்ச்சாட்சி சொல்லும்."

"நீங்கள்" என்று கேட்ட முதல் நாள் அது.

பிறகு அவர் உத்தியோகத்தரிடம், "நீங்கள் ஓடுங்கோ. நான் பின்னாலை இருக்கிறன்" என்று சொல்லி, அவருடைய பையும் குடையும் கொழுவியபடியே இருக்க, பின்னால் ஏறிக்கொண்டார். முக்கால் மணித்தியாலத்தால் இரண்டு பேரும் செம்மண் பூசிக்கொண்டு வந்தார்கள். ஐயா இறங்கி உத்தியோகத்தரின் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். றோட்டில் பள்ளம், கிடங்கு வந்தால் அந்த மனிதர் பயத்தில் முழங்கால்களால் தாங்கியை இறுக்குவார். நெடிய கால் ஆகையால் முழங்கால் போய்த் தாங்கிக்குக் கீழே இருக்கும் பெற்றோல் திறப்பின் பிடியைத் தள்ளும். திறப்பு அரைவாசி மூடும். எஞ்சின் பட்டினியில் நடுங்கும். நேர் றோட்டு வந்ததும் மனிதர் காலைத் தளர்த்துவார். அடுத்த கிடங்கில் மீண்டும் இறுக்குவார்.

"அப்ப என்ரை காலுக்கோ பிழை?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"காலுக்குச் சாமான் எங்களிட்டை இல்லை. திறப்பின்ரை பிடியை மாத்தி விடுவம்" என்றார் ஐயா.

கட்டையான நான் அந்த வண்டியை ஒரு மாதம் ஓடிப் பார்த்திருந்தாலும் அது நடுங்கியிருக்காது. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்குமுறை பாடமாகிவிட்டது. முதலில் ஓட்டுபவர் சொன்னதை அவர் வாயால் வந்தபடி எழுது. பிறகு அவர் கொண்டுவந்த கோலத்தில் அவரையே ஓடவிட்டுப் பின்னால் இரு. அதன் பிறகுதான் அவருடைய பொருட்களைக் கழற்றி, எண்ணி, கையில் கொடுத்துவிட்டுச் சாவியை எடு. முப்பத்தொரு வருடம் அப்படியே செய்தேன். மரியாம்பிள்ளை ஐயா ஓய்வு பெற்ற பிறகும் செய்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களின் அட்டைகளை நானும் கிழித்திருக்கிறேன்.

என் வீட்டு முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் செய்யவில்லை.

தர்சினி குடும்பநல உத்தியோகத்தர். மருத்துவிச்சி என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். முதல் நியமனம் பருத்தித்துறைப் பக்கம், ஒரு கரையோரக் கிராமம். இணுவிலிலிருந்து மருதனார்மடம், அச்சுவேலி, தொண்டைமானாறு என்று ஒரு மணித்தியால ஓட்டம். கிளச் இல்லாத, காலால் கியர் மாற்றும் சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக எடுத்து, நானே பிரித்துப் பூட்டிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வாசிகசாலை மண்டபத்தில் குழந்தைகளுக்கு நிறை பார்ப்பாள். மண்டபத்தில் பூட்டி வைக்க இடமில்லை. அதனால் தராசைத் திங்கள் மாலை மருதனார்மடத்தில் பக்கத்துப் பிரிவு மருத்துவிச்சியிடம் வாங்கிவந்து, செவ்வாய் காலை பதிவுக் கொப்பிகளோடு ஒரு பையில் கொண்டு போவாள். அந்தப் பாரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஹாண்டிலுக்குக் கீழே முன்மூடியில் ஒரு கொழுவி பூட்டிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை.

ஒரு செவ்வாய் பின்னேரம் வந்து சொன்னாள். "அப்பா, சைக்கிள் இண்டைக்கு ஒரு மாதிரி நடுங்கினது. நிக்கப் பாத்தது, பிறகு சரியாப் போட்டுது."

"எண்ணெயாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழும்பினேன். அவள் வசனத்தை முடித்திருந்தாளோ தெரியாது. பையைக் கழற்றி விறாந்தையில் வைத்தேன். அது முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கை மாற்றினேன். மருதனார்மடம் சந்தி வரை ஓடிப் பார்த்தேன். கத்தியால் வாழைத்தண்டை வெட்டின மாதிரி ஓடியது.

அடுத்தடுத்த கிழமைகளிலும் அதையே சொன்னாள். தாங்கியை இறக்கி வடித்தேன். பெற்றோல் குழாயைப் புதிதாகப் போட்டேன். எஞ்சினைத் தாங்கும் ஆணிகளை எல்லாம் இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் பையை விறாந்தையில் வைத்துவிட்டு நானே ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நன்றாகவே ஓடியது. ஒருநாள் அவள் படலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் ஓடினால் அது நடிக்குதப்பா. நான் ஓடுறன், நீங்கள் பின்னாலை இருந்து பாருங்கோ."

"றோட்டாலை உனக்குப் பின்னாலை இருந்து போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் என்ன சொல்லப் போகுது?"

"நீ கியரைக் கெதியா மாத்திறாய். அதுதான் நடுங்குது. வேறை ஒண்டுமில்லை."

எங்கள் ஊரில் தகப்பன் ஓட மகள் பின்னால் இருப்பாள். மறுவளமாக நான் பார்த்ததில்லை. அந்நிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேருக்குப் பின்னால் வெட்கமில்லாமல் இருந்து போயிருக்கிறேன். மகளுக்குப் பின்னால் இருக்க என்னால் முடியவில்லை. அவளுக்கு ஓடத் தெரியாது என்று சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. அதன் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை நான் சுகம் வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது மணி பத்தரை. மனைவி வந்து, "உங்கை இருந்து என்ன எழுதுறியள்? பிள்ளை போன் எடுத்தவளோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இல்லை என்று தலையாட்டினேன்.

விழுந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். தொண்டைமானாற்றுக்கு இந்தப் பக்கம், பின்னால் ஒரு மணல் லொறி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நடுங்கி, சட்டென்று இழுவை விட்டு, திரும்பப் பிடித்து, திரும்ப விட்டிருக்கிறது. ஒதுங்கப் பார்த்து மணலில் சறுக்கினாள். லொறிக்காரர் கண்டு ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பியதால் சில்லு அவள் தலைக்கவசத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனதாம். அந்த ஒரு முழத்தை அங்கே நின்ற ஒரு மனிசி என்னிடம் கையால் அளந்து காட்டினா. அந்த மனிசிதான் தர்சினியின் போனிலிருந்து எனக்கு எடுத்தவ. "ஐயா, உங்கடை மகளோ? பயப்பிடாதேங்கோ, பிள்ளை கதைக்குது" என்றா. கதைக்குது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு தூரமும் போனேன்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார். அந்த "ஒன்றுமில்லை" என் காதில் ஏறவில்லை.

மோட்டார் சைக்கிளை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினோம். "உந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கோ. பிள்ளை இனி பஸ்ஸிலை போகட்டும், இல்லாட்டி வேலையை விடட்டும்" என்றாள் மனைவி. ஆறு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரேக்கும் சில்லும் சரி. எஞ்சின் உதைத்ததும் பிடித்தது, ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. கை திரும்பவும் காபரேற்றருக்குப் போனது. மூன்றாம் முறையாக அதைக் கழற்றும்போது, என் விரல்கள் செய்வதை நான் வேறு யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாம்பிள்ளை ஐயா நின்றிருந்தால், "நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று மெதுவாகக் கேட்டிருப்பார்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். பெட்டிக்குள் பழைய அட்டைகள் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன். அவள் கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் இருந்தது.

"பிள்ளை, சைக்கிள் என்ன செய்தது எண்டு சொல்லு. முதலிலையிருந்து சொல்லு."

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்பவோ கேக்கிறியள்?"

நான் பேனையைத் திறந்தேன்.

"என்ரை நாட்குறிப்பை எடுத்துத் தாங்கோ" என்றாள். குழந்தைகளின் நிறையை ஒரு கிராம் பிசகாமல் எழுதிப் பழகியவள், மோட்டார் சைக்கிளையும் எழுதி வைத்திருந்தாள். நடுங்கிய நாட்களுக்கெல்லாம் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியும் செவ்வாயில் இருந்தன. "முதல் உள்ளங்காலுக்குள்ளை கூசும். பிறகு முழு வண்டியும் சிலுப்பும், மாடு ஈ விரட்டிற மாதிரி. கிடங்கு றோட்டிலைதான். திரும்பி வரேக்கை ஒருநாளும் செய்யாது."

"திரும்பி வரேக்கை பையை என்ன செய்வாய்?"

"தராசைப் பக்கத்துப் பிரிவுக்காரி வாங்கிக்கொண்டு போயிடுவா, புதன் அவவின்ரை முறை. பையிலை கொப்பியள் மட்டும்தான் கிடக்கும்."

நாலு கோடும் நிறைந்தன. அடுத்த நாள் காலை அதே பையில் அதே பாரத்துக்கு அரிசியும் பழைய கொப்பிகளும் போட்டு, அதே கொழுவியில் கொழுவிக்கொண்டு, அவள் போகும் றோட்டால் போனேன். அச்சுவேலி தாண்டிக் கிடங்குகள் தொடங்கியதும் உள்ளங்காலில் கூசியது. பிறகு வண்டி சிலுப்பியது, மாடு ஈ விரட்டுவது போலவே. றோட்டுக் கரையில் நிறுத்திப் பையைக் கழற்றினேன். சுகம். கொழுவினேன். சிலுப்பல். மூன்று தரம் செய்து பார்த்தேன். பிறகு அங்கேயே ஒரு பனையின் கீழ் முன்மூடியைக் கழற்றினேன்.

எஞ்சினை நிறுத்துவதற்கென்று ஒரு வயர் உண்டு. சாவியை மூடும்போது அது உலோகத்தோடு சேரும், பிளக்கில் பொறி நிற்கும். அந்த வயர் முன்மூடிக்குப் பின்னால்தான் போகிறது. கொழுவிக்கு நான் முறுக்கிய திருகாணி தேவைக்கு அரை விரல் நீளம் கூடியது. பின்னாலிருந்த மெல்லிய தகட்டில் அதன் துளை நாளடைவில் தளர்ந்திருந்தது. பாரம் தொங்கினால் கொழுவி கீழே சாயும், ஆணியின் கூர் உள்ளே மேலே நிமிரும், கிடங்கில் குலுங்கும்போது வயரைக் குத்தும். வயரின் மேல் நுளம்பு கடித்த அளவில் ஒரு காயம். உள்ளே செம்பு மினுங்கியது. குத்தும் ஒவ்வொரு தரமும் எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது. எண்ணெயில் ஒரு பிழையும் இல்லை. அவளுடைய ஓட்டத்திலும் இல்லை. ஆணி என்னுடையது.

எவ்வளவு நேரம் அந்தப் பனையடியில் இருந்தேன் என்று தெரியாது. பிறகு ஆணியைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஆணியைக் காட்டி, ஒளிக்காமல் சொன்னேன். அவள் அதை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, போர்வை மேல் வைத்தாள்.

"ஆணி போகட்டும் அப்பா. தெரியாமல் நடந்தது. நான் ஆறு தரம் சொன்னனான். ஆறு தரமும் நீங்கள் கேக்கேல்லை, எனக்கு ஓடத் தெரியாது எண்டியள். கடைசியிலை எனக்கே அப்பிடித்தான் நினைப்பு வந்திட்டுது. அதுதான் சொல்லாமல் விட்டனான்."

பணிமனையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். ஒன்றும் இப்படி நெஞ்சில் வந்து உட்கார்ந்ததில்லை.

வயரை மாற்றினேன். கொழுவியைக் கழற்றி எறிந்தேன். தோள் சுகமானதும் அவள் முதல் கேட்டது, "கொழுவி எங்கை?" என்றுதான். வேண்டாம் என்றேன். "அப்ப பையை ஆர் காவுறது? கட்டை ஆணியாப் போட்டுத் தாங்கோ" என்று பக்கத்தில் நின்று பூட்டுவித்தாள். நான் முறுக்க முறுக்க, மறுபக்கத்தில் கூர் எவ்வளவு வருகிறது என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பையைக் கொழுவி, அவள் ஏறி இருந்தாள். நான் பின்னால் ஏறினேன். மருதனார்மடம் சந்தையடியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற என் பழைய கூட்டாளி ஒருவர், "என்ன, லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?" என்று சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"ஓம், மகள் பறிச்சுப்போட்டாள்" என்று நானும் கத்தினேன்.

"அப்பா, காலை நிலத்திலை ஊண்டப் பாக்காதேங்கோ. நான்தான் ஓடுறன்" என்றாள் அவள். என் கால்கள் என்னை அறியாமலே நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தன. அச்சுவேலிக்கு அப்பால் வரை போய் வந்தோம். அவள் கியரை மிகச் சரியாக மாற்றுகிறாள். பின்னால் இருந்தால் அது தெரிகிறது.

மலருக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அந்தக் கருவி நல்லது, வாங்கி வையுங்கள். ஆனால் அட்டையில் அந்த நாலு கோட்டையும் எடுத்துவிடாதீர்கள். கருவிக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் என்னவென்று தெரியாது.

இவ்வளவும் எழுதியபோது மணி இரண்டரை. அதற்கு மேல் எழுத முடியவில்லை. படலையடியில் போய் நின்றேன். ஒழுங்கையால் போகும் வண்டிகளின் சத்தம் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணி கழிய, தூரத்தில் அந்தச் சத்தம் வந்தது. சீராக வந்தது. ஆனாலும் அவள் உள்ளே வந்து நிறுத்திச் சாவியை எடுக்கும் வரை நான் அந்தச் சத்தத்திலிருந்து காதை எடுக்கவில்லை.

அட்டையோடு பக்கத்தில் போனேன்.

"இறங்கவே விடமாட்டியளோ?"

"முதல் சொல்லு. என்ன செய்தது?"

தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"அது நடுங்கேல்லை அப்பா. லொறி வந்த இடத்திலை நான்தான் நடுங்கினனான். பிறகு சரியாப் போட்டுது. எனக்குப் பசிக்குது."

அவள் வாயால் வந்தபடியே எழுதினேன். நாலாவது கோட்டில் பசிக்குது என்பதையும் எழுதினேன்.